கடைசி அலசல்

அந்தச் சந்துக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. சோப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நேராகச் சலவைக்கூடத்தின் இரும்புக் கதவில் போய் முட்டலாம். கதவுக்கு உள்ளே எந்நேரமும் ஒரு வெக்கை. மழைக்காலத்தில் சந்துப் பூனைகள் அத்தனையும் அந்தக் கதவோரம்தான் சுருண்டு கிடக்கும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, விடுதித் தலையணை உறை, சாப்பாட்டுக்கடை மேசைத்துணி என்று ஊரில் எங்கே வெள்ளைத்துணி அழுக்கானாலும் மூட்டையாக இங்கே வந்து இறங்கும்; மறுநாள் மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும்.

கூடத்தை நடத்தியவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான இஸ்திரிக்காரர்கூட அப்படித்தான். அவளும் தம்பியும் மட்டும்தான் அப்பாவுக்கு. அவர் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் இருந்தது ஒரே ஒரு சலவை மிஷின். அதுவும் வேகம் எடுத்தால் தரையை விட்டு நகர்ந்து நடக்கும். தம்பி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவன் கனத்துக்கு அது கொஞ்சம் அடங்கி நிற்கும். அக்கா அடுத்த மூட்டையை அவிழ்ப்பாள். அப்படித் தொடங்கிய பிழைப்பு அது.

அவள் புதுசுக்குப் பயந்தவள் இல்லை. ஒரு வாடிக்கைத் துணி இன்னொரு வாடிக்கைக்குப் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறத்தில் நூல் வைத்துத் துணியின் மூலையில் தைக்கச் சொன்னது அவள்தான். ஆஸ்பத்திரித் துணிக்குத் தனி அறை, தனி மிஷின் என்று பிரித்ததும் அவள்தான். உருளை இஸ்திரி மிஷின் வந்த அன்று தொடக்கூட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்ற இஸ்திரிக்காரரை, பக்கத்தில் நின்று முதல் விரிப்பைத் தானே விட்டுக் காட்டி வழிக்குக் கொண்டுவந்தாள். ஆனால் அவளுக்குப் புதுசு என்றால் பெரிசு. இன்னொரு மிஷின், இன்னொரு வண்டி, இன்னும் நாலு வாடிக்கை. தம்பியின் புத்தி வேறு பக்கம் ஓடியது. இருப்பதில் எதைக் குறைக்கலாம், எதை மிச்சம் பிடிக்கலாம் என்றே நோண்டிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

"என்னடா இது, குடிக்கவா?"

"கடைசி அலசல் தண்ணிக்கா. சாக்கடைக்குப் போறது. எவ்வளவு தெளிவா இருக்கு பாரு."

"தெளிவா இருந்தா நல்லா அலசியிருக்கோம்னு அர்த்தம். சந்தோஷம். போய்ப் பிழியற மிஷின்ல கிடக்கற துணியை எடு."

"எடுக்கறேன், கேளு. இதை அப்படியே அடுத்த லோடு ஊறப்போட எடுத்துக்கலாம். நடுவுல மணலும் கரியும் போட்டு வடிகட்டிட்டாப் போதும். கிணத்துலருந்து இப்ப எடுக்கறதுல பாதி எடுத்தாப் போதும்."

"கிணத்துல இப்ப தண்ணிக்கு என்ன குறை?"

"இப்ப குறை இல்ல."

"அப்புறம் என்ன?"

"குறை வர்றதுக்குள்ள பண்ணிடணும்னு சொல்றேன்."

மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் தலையை நீட்டினான். வண்டி ஓட்டுவது அவன்தான். ஊர்க்கதை முழுக்க அவன் வாயில் இருக்கும். "மாப்ள, ஆஸ்பத்திரி அலசின தண்ணியில ஓட்டல் துணியை ஊறப்போடறோம்னு வெளிய தெரிஞ்சா என்னை வண்டியோட சேர்த்து வெளுத்துடுவாங்க."

"அதைத் தனியா விட்டுட்டு மத்ததை எடுப்போம் மச்சான். அந்த அளவுக்குக்கூடவா யோசிக்க மாட்டேன்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, பின்னாடி கொட்டகையில வச்சுப் பாரு. ஆனா நம்ம வீட்டுத் துணியில பாரு. வாடிக்கைத் துணியில மட்டும் கை வச்சிடாதே."

மறுநாளிலிருந்து கொட்டகைக்குள் அவனுடைய உலகம் முளைத்தது. பழைய பீப்பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் மணல், ஒன்றில் கரி. கை, கழுத்து, காது மடல் எல்லாம் கறுப்பாக வந்து, கூடத்துக்கு மேலே மாடி வீட்டில் சாப்பிட உட்காருவான். சாப்பிடும்போதும் அதே பேச்சு. கரியை எவ்வளவு பொடியாக உடைக்க வேண்டும், மணலை எத்தனை நாளுக்கொரு தரம் கழுவ வேண்டும் என்று தட்டிலேயே சோற்றை மேடாகவும் பள்ளமாகவும் குவித்துக் காட்டுவான். அவள் மீனை எடுத்து அவன் தட்டில் வைப்பாள். "முதல்ல தின்னுடா, அப்புறம் வடிகட்டு."

அந்தச் சமயத்தில்தான் ஆற்றுப் பக்கம் ஒரு பெரிய ஓட்டல் திறந்தார்கள். அத்தனை அறைகளின் துணியையும் ஒரே இடத்தில் கொடுக்கப் போகிறார்கள் என்று புருஷன் செய்தி கொண்டுவந்தான். அக்கா போய்ப் பேசினாள். ஈரத்துணியை மொட்டைமாடியில் காயப்போட்டு அந்த வேகத்துக்கு ஓட முடியாது. பெரிய ட்ரையர் வேண்டும். அதை வைக்கக் கூடத்தில் ஓர் அடி இடம் இல்லை, பின்னாடிக் கொட்டகையைத் தவிர. அவள் யாரையும் கேட்கவில்லை. ட்ரையருக்குச் சொல்லிவிட்டாள்.

தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். கறுத்த கையோடு அவன் மாடிப்படி ஏறி வரும்போதெல்லாம், இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றும். நாளைக்கும் அதே கறுத்த கையோடுதான் வந்தான். பேச்செடுத்தால் அவன் முகம் சுருங்கிப்போகும், அதைப் பார்க்க வேண்டும். அதுதான் அவளால் ஆகவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு காலை, ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி போன சுமையோடு திரும்பி வந்தது. புருஷன் இறங்கும்போது வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரியின் துணிப் பொறுப்பாளர் அம்மாள் இறங்கினாள். ஒரு விரிப்பை உதறி மேசைமேல் போட்டாள்.

"இதுல யாரும்மா படுப்பா? நீங்க படுப்பீங்களா?"

விரிப்பு முழுக்க ஒரு மங்கல். அழுக்கு என்று சொல்ல முடியாது, வெள்ளை என்றும் சொல்ல முடியாது. இஸ்திரிக்காரர் ஒரு முனையைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். நூலுக்கு நூல் நுண்ணிய கறுப்பு.

"கரி" என்றார்.

"நான்தான்" என்றான் தம்பி. பிழியும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "அவங்க துணியை அலசின தண்ணியையே வடிகட்டி, அவங்க துணிக்கே விட்டேன். கரி இறங்கிடுச்சு. ஒரு வாரம் குடு, சரி பண்ணிடறேன்."

அக்கா அந்த அம்மாளிடம் கையைப் பிசைந்துகொண்டு மன்னிப்புக் கேட்டாள். எல்லாவற்றையும் மறுபடி வெளுத்து, தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி அனுப்பினாள். பிறகு திரும்பினாள். மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. வேலை செய்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் விளையாட்டுக்கு இத்தனை பேர் சோறும் பலியாகணுமா? என்ன சொன்னேன் நான்? வீட்டுத் துணியில பாருன்னு சொன்னேனா இல்லையா? பொறுப்புன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு? எல்லாத்தையும் நான் கட்டி வச்சேன், நீ உக்காந்து கலைச்சுக்கிட்டு இருக்கே. அந்தப் பீப்பாயையெல்லாம் இன்னைக்கே தூக்கி வெளிய போடு. அந்த இடத்துல ட்ரையர் வரப் போகுது."

தம்பி போய்ப் பீப்பாய்களை இறக்கினான். ஈரக் கரியைக் கூடையில் அள்ளி அள்ளி வெளியே கொட்டினான். இஸ்திரிக்காரர் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

அவள் பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. துணி கெட்டது உண்மை, அவன் சொல் மீறியது உண்மை. ஆனால் அந்த மங்கல் விரிப்பு மேசையில் விழுந்தபோது தன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அப்பாடா என்று உட்கார்ந்ததை அவள் கவனித்திருந்தாள். இனி ட்ரையரைப் பற்றித் தனியாக அவனிடம் சொல்ல வேண்டியதில்லை. சொல்வதற்கு அவனே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டான். அந்த நிம்மதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரக் கடைசியில் அவன் கிளம்பினான். ஊருக்கு வெளியே ஒருவர் கார் கழுவும் கடை வைத்திருக்கிறார், அங்கே வேலை இருக்கிறது என்றான். சண்டை இல்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தால், கோபம் தணிந்தால் வந்துவிடுவான் என்று எதிர்பார்க்கவாவது செய்யலாம். அவன் படுக்கையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ட்ரையர் வந்தது. ஓட்டல் துணி வந்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு விடுதிகள் வந்தன. இரண்டு ஷிப்டு ஆனது. பக்கத்து வீட்டை வாங்கிச் சுவரை இடித்துக் கூடத்தை நீட்டினாள். ஊரில் அவளைப் பற்றிப் பேசினார்கள். ஒரு பொம்பளை எப்படித் தூக்கி நிறுத்திவிட்டாள் பார் என்றார்கள். அவளும் மூச்சு விட நேரமில்லாமல் ஓடினாள். தம்பிக்குக் கல்யாணம் ஆனது. போய் வந்தாள். சொந்தக்காரர்கள் வீட்டில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு நீளவில்லை.

கிணறு வற்றுவது முதலில் சத்தத்தில்தான் தெரிந்தது. மோட்டார் போட்டால் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து இருமும். ஆழப்படுத்தினாள். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு குழாய்க் கிணறு போட்டாள். அதில் வந்த தண்ணீரில் துருநிறம். அந்தத் தண்ணீரில் எதை வெளுத்தாலும் பழுப்பாக வந்தது. லாரித் தண்ணீர் வரத் தொடங்கியது. லாரி சந்துக்குள் நுழைந்தால் யாரும் வெளியே போக முடியாது.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரி காலி வாளியோடு வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து அக்கா முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல அடிபம்பு நின்னு ரொம்ப நாளாச்சு. உங்க லாரியிலருந்து ஒரு வாளி எடுத்துக்கவா?"

அவ்வளவுதான் கேட்டாள். அக்காவே வாளியை வாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தளும்பாமல் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு வார்த்தை வைதுவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பிறகு நகராட்சியிலிருந்து வந்தார்கள். பின்னாடி ஓடுகிற வாய்க்காலில் நுரை மிதக்கிறது. தண்ணீரைச் சுத்தம் பண்ணாமல் விட்டால் கூடத்தைப் பூட்டிவிடுவோம் என்று கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதே மாதம் ஓட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். இளவயசு. ரொம்ப மரியாதையாகப் பேசினார். தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிற சலவைக்கூடத்துக்குத்தான் இனி துணி கொடுப்பதாக மேலிடத்தில் முடிவு செய்திருக்கிறார்கள் என்றார். "நீங்க இவ்வளவு பெரிய யூனிட் வச்சிருக்கீங்க. இதை ஏற்கனவே பண்ணியிருப்பீங்கன்னு நினைச்சேன் மேடம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தம்பியைப் பார்க்கப் போனாள்.

கார் கழுவும் கடையின் பின்னால் தகரக் கூரை போட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தான். கழுவிய தண்ணீரை வடிகட்டித் திருப்பி விடுகிற தொட்டிகள் செய்து கடை கடையாக மாட்டுவதுதான் தொழில். அவள் போனபோது ஒரு தொட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தான். பட்டறையை ஒட்டியே வீடு. அவன் பெண்டாட்டி, "வாங்க அண்ணி" என்று நாற்காலி போட்டு, டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"கிணறு வத்திடுச்சுடா."

"கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"மச்சான்தான். மாசத்துல ஒரு தரம் இங்கதானே வண்டி கழுவ வர்றாரு."

அது அவளுக்குத் தெரியாது. ஊர்க்கதை அத்தனையும் சொல்கிற மனுஷன் இதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறான். அவள் நகராட்சிக்காரர்களைப் பற்றிச் சொன்னாள், ஓட்டல் மேனேஜர் கேட்டதைச் சொன்னாள்.

"அப்பவே பண்ணியிருந்தா ஊர்லயே மொத ஆளு நாமதான்" என்றான் அவன். குத்தலாகச் சொல்லவில்லை. நாம என்று அவன் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் பேச்சை எடுத்தாள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது நான்."

"துணியைக் கெடுத்தது நான். நீ பேசினது சரிதான்." கையிலிருந்த குழாய்த் துண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ட்ரையருக்கு அளவெடுக்க ஒருத்தன் வந்தானே, ஞாபகம் இருக்கா? நீ ஓட்டலுக்குப் போயிருந்தே. டேப்போட அந்த முனையை நான்தான் பிடிச்சேன்."

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்க வைக்கப் போறீங்கன்னு கேட்டேன். கொட்டகையிலேன்னான். அது வந்து இறங்கறதுக்குள்ள செஞ்சு காட்டிடணும்னுதான் ஆஸ்பத்திரித் துணியைப் போட்டேன். வீட்டுக் கந்தல்ல காட்டினா நீ நம்ப மாட்டேன்னு தோணுச்சு. கரியை இன்னும் ரெண்டு மூணு தரம் கழுவியிருக்கணும். நேரம் இல்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா."

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

தகரக் கூரைக்கு அந்தப் பக்கம் யாரோ காரின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் அவன் கறுத்த கையோடு ராப்பகலாக ஏன் அப்படி அவசரப்பட்டான் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. பொறுப்பில்லாதவன் என்று எண்ணிக்கொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது.

"திரும்பி வந்துடுடா. பாதி உன் பேர்ல இருக்கட்டும். நீ சொல்றபடி நடத்தலாம்."

அவன் வெகுநேரம் யோசித்தமாதிரி இருந்தது. ஆனால் பதில் ஏற்கனவே அவனிடம் இருந்தது என்பது சொன்ன விதத்தில் தெரிந்தது.

"வேலை செஞ்சு தரேன்க்கா. நல்லாச் செஞ்சு தரேன். அதுக்கு மேல கேக்காதே."

சொன்னபடி வந்தான். இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு காலையில் எல்லோருக்கும் முந்தி வந்துவிடுவான். கூடத்தில் இப்போது அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இஸ்திரிக்காரர் வேலையை விட்டு மகளோடு போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றவர்கள் எல்லாம் புதிது. அக்காவின் புருஷன் விடிந்ததும் வண்டியை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவான். தம்பி அவளை அக்கா என்று கூப்பிட்டதிலும் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அங்கே எல்லோரும் அவளை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.

"ட்ரையரை எடுத்துடச் சொல்றேன். கொட்டகையைக் காலி பண்ணித் தரேன்" என்றாள்.

"வேண்டாம்க்கா. இந்தப் பின்சுவர் ஓரமா ஒல்லித் தொட்டியா நிறுத்திடலாம். தண்ணியை மேல ஏத்திவிட்டா அதுவே இறங்கும். அந்த இடம் தேவையே இல்லை."

அவள் சுவரைப் பார்த்தாள். ஆள் ஒருவர் பக்கவாட்டில் நடக்கிற அகலம்தான் இருந்தது. "அன்னைக்கே இப்படி வச்சிருக்கலாமே."

"அன்னைக்கு எனக்குத் தெரியாது. வெளிய போய்ப் பத்து இடத்துல செஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது." பிறகு ஆட்களின் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னான்: "நீங்க போய் வேலையைப் பாருங்கக்கா. இங்க தூசி."

நீங்க என்றான். ஆட்கள் முன்னால் மரியாதைக்குச் சொல்கிறான் என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள். சாயங்காலம் படிக்கட்டுக்கு அடியில் தனியாக நின்று குழாயை முடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. "நாளைக்கு மணல் வந்துடும். நீங்க கதவை மட்டும் சீக்கிரம் திறந்து வைங்க" என்றான். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். மாடிக்குப் போய் வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கரியைக் கழுவுவதற்கே அவன் பல நாள் எடுத்துக்கொண்டான். கழுவிய தண்ணீரை வெள்ளைத் துண்டில் ஊற்றிப் பார்ப்பான். கறை பட்டால் மறுபடி கழுவச் சொல்வான். முதலில் வீட்டுத் துணி. பிறகு வேலைக்காரர்களின் துண்டுகள். அதற்கும் பிறகுதான் விடுதித் துணி. ஆஸ்பத்திரித் துணிக்குத் தனித் தொட்டி. ஒரு வாடிக்கையும் ஒரு குறையும் சொல்லவில்லை. குழாய்க் கிணற்றின் துருத்தண்ணீரும் அதிலேயே தெளிந்தது; லாரி வருவது குறைந்து, பிறகு நின்றது. நகராட்சிக்காரர்கள் வந்து வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவில் ஒட்டியதைக் கிழித்துக்கொண்டு போனார்கள். ஓட்டல் மேனேஜர் தொட்டிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். வேறு ஓட்டல்களுக்கும் சொல்வதாகச் சொன்னார். அவள் ஆசைப்பட்ட வளர்ச்சி எல்லாம் இனி தண்ணீரைப் பற்றிய பயமில்லாமல் வரப் போகிறது.

வேலை முடிகிற நாளில் அவள் கூடத்துக்கு இறங்கவே இல்லை. மாடியில் சோறு வடித்தாள், மீன் பொரித்தாள், முட்டை அவித்தாள். மூன்று தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மத்தியானம் அவன் கிளம்புவதாகக் கீழிருந்து குரல் கேட்டு இறங்கிப் போனாள். ஆட்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் கதவுக்கு வெளியே நின்றான்.

"மேல வா. சாப்பிட்டுட்டுப் போகலாம். ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு வா."

"இன்னொரு இடத்துல காத்துக்கிட்டு இருக்காங்கக்கா. நாங்க போற வழியில பாத்துக்கறோம்."

"பத்து நிமிஷம்டா."

"இன்னொரு நாள் வரேன்." அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ரொம்பக் களைப்பாக இருந்தான். "மணலை மறக்காம கழுவச் சொல்லுங்க. மோட்டார் சத்தம் மாறினா உடனே நிறுத்திட்டுக் கூப்பிடுங்க, நானே வரேன்."

மோட்டார் கெட்டால்தான் வருவாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆட்கள் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். அவன் ஏறிக்கொண்டான்.

அவள் உள்ளே வந்து மடிப்பு மேசைக்குப் போனாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் ஓட்டல் விரிப்பு ஒன்றின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் நின்றாள். அக்கா மற்ற இரண்டு முனைகளைப் பிடித்தாள். இருவரும் இழுத்து உதறினார்கள். விரிப்பு அப்பழுக்கில்லாத வெள்ளையாக இருந்தது.

"வேலை தெரிஞ்சவருக்கா அவரு" என்றாள் அந்தப் பெண். "அவசரமே படலை பாத்தீங்களா? எங்கிருந்து பிடிச்சீங்க அவரை?"

"என் தம்பி."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "போங்கக்கா. கூடப் பொறந்தவரா இருந்தா மாடிக்கு ஏறாமலா போவாரு, இத்தனை நாள்ல ஒரு தரம்கூட?"

அக்கா தன் பக்கத்து முனைகளைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் சேர்த்தாள். குனிந்து, தொங்கிய மடிப்பின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். இன்னும் ஒரு வண்டித் துணி மடிக்க இருந்தது.